அந்த வீட்டில் ஆள் இருக்கிறார்கள்: நம் சுற்றுலாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் தமிழ்ச் சங்கத்தின் சுற்றுலாக் குழுவினருக்கு,

புதன்கிழமை இரவு உங்கள் அறிவிப்பு வாட்ஸப்பில் வந்தது. 'பேய்க் கிராமம், பாகம் 2. அக்டோபர் 31, மாலை ஆறு மணி. மூன்று கோச். சிறந்த பிளேக் வேடத்துக்குப் பரிசு.' கூடவே ஒரு மண்டையோடு. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நான் கட்டைவிரல் போடவில்லை. ஏன் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். ஆளுக்கொரு பதில் எழுதுவதைவிட எல்லாரும் படிக்கிற மாதிரி ஒரே மடலாக எழுதிவிடுகிறேன்.

பாகம் 1-க்கு நானும் வந்தேன். போன அக்டோபரில் இரண்டாவது கோச்சில் பதினான்கு பிள்ளைகளுக்கு நான்தான் பொறுப்பு. அதனால் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை.

என்ன நடந்தது என்று மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் போனது இங்கிலாந்தின் டார்பிஷைரில் இருக்கும் ஈம் ஊருக்கு, 1665-66-இல் பிளேக் நோய் தாக்கிய ஊர். அங்கே தேவாலயத்துக்குப் பக்கத்தில் வரிசையாகச் சில கல் வீடுகள் இருக்கின்றன. பிளேக் காட்டேஜ் என்று பெயர். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் பச்சைப் பலகையில் அந்த வீட்டில் இறந்தவர்களின் பெயரும் தேதியும். நம் பையன்கள் எலும்புக்கூடு முகமூடியோடு அந்தப் பலகையைச் சுற்றி நாக்கைத் தொங்கப் போட்டு நின்றார்கள். 'இன்னும் பயங்கரமா, இன்னும் பயங்கரமா' என்று போட்டோ எடுத்தவர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது கையில் கடைப் பையோடு ஒரு வயதான அம்மா வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஏதோ ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று நான்கு நிமிடம் கழித்துத்தான் புரிந்தது, நாங்கள் மறித்துக்கொண்டிருந்தது அவர் வீட்டு வாசலை. பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், நாங்கள் முடிக்கட்டும் என்று நின்றார். உள்ளே போனதும் திரையை இழுத்துவிட்டார்.

என் பக்கத்திலிருந்த ஏழு வயதுப் பையன் கேட்டான்: "ஆன்ட்டி, இங்கே இப்பவும் ஆள் இருக்காங்களா?"

கோச்சில் வரும்போது ஊரே செத்துப்போய்விட்டது என்று மைக்கில் சொல்லிக்கொண்டு வந்தோம். அந்தப் பிள்ளை வேறு எப்படிக் கேட்பான்?

அந்தப் பலகைகளில் ஒன்றில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களில் யாராவது படித்தீர்களா? மேரி ஹாட்ஃபீல்டு என்ற பெண்ணின் வீடு அது. மேரிக்கு முதல் கணவர் மூலம் இரண்டு மகன்கள். புதுக் கணவர் அலெக்சாண்டர் ஹாட்ஃபீல்டு தையல்காரர். அவரிடம் வேலை பார்த்தவர் ஜார்ஜ் விக்கர்ஸ். 1665-இல் லண்டனிலிருந்து ஒரு துணி மூட்டை வந்தது, ஈரமாக இருந்ததால் விக்கர்ஸ் அதை நெருப்புக்கு முன்னால் விரித்துக் காயவைத்தார், துணியில் இருந்த தெள்ளுப்பூச்சிகள் கிளம்பின என்பது ஊர் வழி வழியாகச் சொல்லும் கதை. செப்டம்பர் 7-ஆம் தேதி விக்கர்ஸ் இறந்தார். ஊரின் முதல் பிளேக் சாவு அதுதான். செப்டம்பர் 22-இல் சின்னவன் எட்வர்ட், வயது 4. அக்டோபர் 2-இல் பெரியவன் ஜொனாதன், வயது 12. அடுத்த ஆகஸ்டில் அலெக்சாண்டர். மேரி பிழைத்தார். சொந்தத்தில் பதின்மூன்று பேரை இழந்தார் என்கிறது பலகை. நான்கு வயதுக் குழந்தையின் பெயருக்கு முன்னால்தான் நம் பிள்ளைகள் நாக்கைத் தொங்கப் போட்டு நின்றார்கள்.

ஊர்ப் பெயரையே நாம் தப்பாகத்தான் சொன்னோம். எழுத்தைப் பார்த்து 'இயாம்' என்று மைக்கில் வந்தது. ஊர்க்காரர்கள் 'ஈம்' என்கிறார்கள். இது சின்ன விஷயம், விடுங்கள். ஆனால் நம் பெயரைத் தப்பாகச் சொன்னால் நாம் எத்தனை நாள் அதைப் பேசுகிறோம்!

சரி, நீங்கள் அடித்துக் கொடுத்த துண்டுப் பிரசுரத்துக்கு வருகிறேன். அதை இன்னும் வைத்திருக்கிறேன். 'ஊரே அழிந்தது' என்கிறது முதல் வரி. அழியவில்லை. 1665 செப்டம்பரிலிருந்து 1666 நவம்பர் வரை பதினான்கு மாதங்களில் சுமார் 260 பேர் இறந்தார்கள். ஊரில் மொத்தம் 350 பேர்தான், 83 பேர் மிஞ்சினார்கள் என்பது பழைய கணக்கு. பதிவேடுகளைத் திரும்பப் பார்த்தவர்கள், மக்கள்தொகை அதைவிட இரண்டு பங்கு இருந்திருக்கும் என்கிறார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும் பிழைத்தவர்கள் இருந்தார்கள், வயலுக்குப் போனார்கள், ஈயச் சுரங்கத்துக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளை பெற்றார்கள்.

பிரசுரத்தின் இரண்டாம் பக்கத்தில் 'ரிங் அ ரிங் ஓ ரோஸஸ்' பாட்டு. பிளேக்கைப் பற்றியது என்று விளக்கம் கொடுத்து, ஊருக்கு வெளியே பிளேக்கில் இறந்த ஒரு குடும்பத்தின் ரைலி கல்லறைகளில் பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்துப் பாடச் சொன்னீர்கள். அந்தப் பாட்டு 19-ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் அச்சில் எங்கேயும் இல்லை. அதைப் பிளேக்கோடு முடிச்சுப் போட்டது 20-ஆம் நூற்றாண்டில்தான். நம் தமிழ்ப் பள்ளியில் ஒரு குறளுக்கு யாராவது இப்படிக் கற்பனையாகப் பொருள் சொன்னால் விட்டுவிடுவோமா?

பொய்யைவிட எனக்கு அதிக வருத்தம், விட்டுப்போனதைப் பற்றி. ஈம் ஊரின் கதை பிளேக் வந்தது அல்ல. பிளேக் இங்கிலாந்தில் எத்தனையோ ஊருக்கு வந்தது. இந்த ஊர் என்ன முடிவெடுத்தது, யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள் என்பதுதான் கதை. அது உங்கள் பிரசுரத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஊரில் அப்போது இரண்டு பாதிரியார்கள். தாமஸ் ஸ்டான்லி பழையவர், தூய்மைவாதி, அதாவது அரசுத் திருச்சபையின் சடங்குகளை ஏற்காத பியூரிட்டன். அரசு கொண்டுவந்த பொது வழிபாட்டு நூலை ஏற்க மாட்டேன் என்று நின்றதால் 1662-இல் பதவி போனது. பதவிதான் போனது, ஊரின் நம்பிக்கை போகவில்லை. வில்லியம் மாம்பெஸன் புதியவர், முப்பது வயதுகூட ஆகாதவர், 1664-இல் வந்து சேர்ந்தவர். அரசுப் பக்கம். ஊர் அவரைச் சந்தேகமாகத்தான் பார்த்தது. இரண்டு பேரும் நேருக்கு நேர் எதிர்க் கட்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் சங்கம் ஒரு பொங்கல் விழாக் கணக்கில் இரண்டாகப் பிரிந்து, இன்றைக்கும் இரண்டு மண்டபத்தில் பொங்கல் வைக்கிறோமே, அதைப் பார்த்த நமக்கு இது சட்டென்று புரியும்.

குளிர்காலத்தில் சாவு குறைந்தது. 1666 கோடையில் மறுபடி ஏறியது. அந்த ஜூனில் இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஊர் முன்னால் நின்றார்கள். பதவி இருந்தவருக்கு ஊர் நம்பிக்கை இல்லை, ஊர் நம்பிக்கை இருந்தவருக்குப் பதவி இல்லை. ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது. மூன்று விஷயம் முடிவானது. அவரவர் வீட்டுச் சாவை அவரவரே தோட்டத்திலோ வயலிலோ புதைக்க வேண்டும், சடங்கு கிடையாது. தேவாலயத்தைப் பூட்டிவிட்டு, கக்லெட் டெல்ஃப் என்ற திறந்தவெளிப் பள்ளத்தில் குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்று தொழ வேண்டும். மூன்றாவது, யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

எல்லாரும் மனமுவந்து தியாகம் செய்தார்கள் என்று நான் அளக்க மாட்டேன். வசதி இருந்த சிலர் முன்பே கிளம்பிவிட்டார்கள். மாம்பெஸனே தன் இரண்டு குழந்தைகளை வெளியே அனுப்பிவைத்தார். ஈயச் சுரங்கத்தில் வேலை செய்தவனுக்குப் போக்கிடம் எது? எல்லையைத் தாண்டிப் போனாலும் அடுத்த ஊர் சேர்க்காது. தியாகம் என்ற பெயர் பின்னாளில் ஏற்றிவைத்தது என்று வாதாடும் ஆய்வாளர்களும் உண்டு. அதையும் பிள்ளைகளிடம் சொல்லலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும், நம்மைவிட நன்றாகவே வாதாடும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த முடிவுக்கு அர்த்தம் இருந்தது என்பது அண்மையில்தான் தெளிவானது. பிளேக் எலியிலிருந்து தெள்ளு வழியாக மட்டும் வந்தது என்றால் ஊரைப் பூட்டி என்ன பயன் என்று கேட்டவர்கள் உண்டு. 2016-இல் வந்த ஓர் ஆய்வு, ஈம் பதிவேட்டில் யார் எந்த வீட்டில் எப்போது இறந்தார்கள் என்பதை வைத்துக் கணக்குப் போட்டது. தொற்றில் முக்கால் பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்குப் போனது என்று வந்தது முடிவு.

எல்லைக்கல்லுக்கு நீங்கள் எங்களைக் கூட்டிப் போகவே இல்லை. வயல் வழியே நடக்க வேண்டும், சேறு என்றீர்கள். இந்த மார்ச்சில் என் மகளோடு நானே போனேன். ஈம் ஊருக்கும் பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டனுக்கும் நடுவில், புல்வெளியில், ஆடுகளுக்கு மத்தியில் ஒரு பாறை. மேலே ஆறு குழிகள். வெளியூர்க்காரர்கள் இங்கே உணவு வைத்துவிட்டுப் போவார்கள், ஈம் மக்கள் காசை வினிகர் ஊற்றிய குழிகளில் போட்டுவிட்டு எடுத்துப் போவார்கள். ஊருக்கு வடக்கே மாம்பெஸன் கிணறு என்ற ஊற்றடியிலும் இதே ஏற்பாடு. சாட்ஸ்வொர்த் மாளிகையிலிருந்து டெவன்ஷைர் பிரபுவும் சாமான் அனுப்பினார். என் மகள் ஒரு குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். விளிம்பெல்லாம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. உள்ளே மழைத்தண்ணீர், கொஞ்சம் பாசி, யாரோ போட்டுப்போன ஒரு பென்னி. "அம்மா, காசைக் கழுவிக் கொடுத்தாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். 2020-இல் பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வைத்தோமே, அது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ரைலி கல்லறைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அதுதான் என்னை ஒரு வருடமாக உறுத்துகிறது. ஊருக்குக் கிழக்கே அரை மைல் தள்ளி, மேட்டில், வட்டமாக ஒரு கல் சுவர். உள்ளே ஏழு பேர். எலிசபெத் ஹான்காக்கின் கணவரும் ஆறு பிள்ளைகளும். 1666 ஆகஸ்டில் எட்டு நாளைக்குள் ஏழு பேரும் போனார்கள். யாரும் உதவிக்கு வரக் கூடாது. அவரே குழி தோண்டி, அவரே இழுத்துப் போய்ப் புதைத்தார். கடைசியில் ஷெஃபீல்டில் தொழில் பழகிக்கொண்டிருந்த மிச்சமிருந்த ஒரு மகனிடம் போய்ச் சேர்ந்தார். ஷெஃபீல்டு. நாம் கோச் ஏறிய ஊர்.

அந்தச் சுவருக்குள்தான் அலறல் போட்டி வைத்தீர்கள். மேடை மாதிரி இருக்கும் கல்லில் ஒரு பெண் குழந்தையைப் படுக்கவைத்துப் படம் எடுத்தீர்கள்.

2020 ஏப்ரலில் திருச்சியில் என் அம்மா இறந்தபோது விமானம் இல்லை. சமையலறையில் நின்றபடி போனில் பார்த்தேன். நான்கு பேர்தான் இருந்தார்கள், ஒருவர் போனைப் பிடித்திருந்தார். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நம் சங்கத்தில் அந்த வருடம் இப்படிப் போனில் பார்த்தவர்கள் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்பதால் எழுதுகிறேன். உங்கள் குழுவிலேயே இருக்கிறீர்கள். நம் வீட்டுச் சாவுக்கு யாராவது முகமூடி போட்டுக்கொண்டு வந்து அலறல் போட்டி வைத்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பயமாக ஏதாவது இருந்தால்தான் பிள்ளைகள் வருவார்கள், வரலாறு என்றால் தூங்கிவிடுவார்கள் என்று கூட்டத்தில் சொன்னீர்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மார்ச்சில் என் மகளை அந்த ஊரைவிட்டுக் கிளப்புவதே பெரும்பாடாக இருந்தது. மியூசியம் ஒரு பழைய மெதடிஸ்ட் சிற்றாலயத்தில் இருக்கிறது, கூரையில் காற்றுத் திசைகாட்டியாகச் சேவலுக்குப் பதில் எலி. அதைக் கண்டுபிடித்தது அவள்தான். பிளேக்கிலிருந்து பிழைத்த மார்ஷல் ஹௌ கதை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தனக்கு இனி நோய் வராது என்று நம்பி, மற்றவர் வீட்டுப் பிணங்களைப் புதைத்துக் கொடுத்து, கூலியாக அந்த வீட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்ட ஆள். அப்புறம் அவர் மனைவியும் மகனும் நோயில் போனார்கள். நல்லவரா கெட்டவரா என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

தேவாலய முற்றத்தில் ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட ஆங்கிலோ சாக்ஸன் சிலுவை ஒன்று நிற்கிறது, நடுவில் ஒரு துண்டைக் காணோம். அதற்குப் பக்கத்தில் மாம்பெஸனின் மனைவி கேதரின் கல்லறை. பிள்ளைகளோடு போய்விடு என்று கணவர் சொல்லியும் போகாமல் இருந்தவர், 1666 ஆகஸ்ட் 25-இல் இறந்தார். சுவரில் 1775-ஆம் வருடத்துச் சூரியக் கடிகாரம். இதையெல்லாம் நானும் மகளும் நடந்துகொண்டே பார்த்தோம். நின்றது ஒரே இடத்தில். டார்பிஷைருக்கு ஆடி, பிறகு நடுவராகவும் இருந்த ஹாரி பாக்ஷா என்ற கிரிக்கெட் வீரரின் கல்லறைக்கல். பந்து பட்டு ஸ்டம்பு சிதறுகிறது, உச்சியில் நடுவரின் விரல் மேலே நீட்டியிருக்கிறது. அவுட். ஐந்து நிமிடம் சிரித்தோம். கிரிக்கெட் பைத்தியம் பிடித்த நம் பையன்கள் முப்பது பேரை அந்தக் கல்லுக்குப் பத்தடி தூரத்தில் நடத்திக் கூட்டிப் போனோம், ஒருவனுக்கும் காட்டவில்லை. பேயைத் தேடிக்கொண்டிருந்தோம் இல்லையா?

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு அந்த ஊரில் பிளேக் ஞாயிறு. கேதரின் கல்லறைக்கு ரோஜா வைப்பார்கள், வழிபாடு நடக்கும். அந்த நாட்களை ஒட்டியே ஊர்த் திருவிழாவும் கிணறு அலங்காரமும். ஈரக் களிமண் பூசிய பலகையில் பூவிதழ்களை ஒவ்வொன்றாக அழுத்தி, படம் வரைந்தது மாதிரிச் செய்து தண்ணீர் வரும் இடத்தில் நிறுத்துவார்கள். டார்பிஷைரில் பல ஊர்களில் இந்த வழக்கம் உண்டு. மார்கழிக் கோலத்துக்குப் பூசணிப் பூ வைத்துப் பழகிய கைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். துக்கமும் திருவிழாவும் ஒரே வாரத்தில். இறந்தவர்களை எப்படி நினைக்க வேண்டும் என்று அந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது. நாம் போய்க் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இனி நான் கேட்பது. அக்டோபர் 31 நிகழ்ச்சியை ரத்து செய்யுங்கள். தேதியை மாற்றுவதோ பெயரை மாற்றுவதோ போதாது, ரத்து. ஹாலோவீன் வேடப் போட்டி வேண்டுமென்றால் நம் மண்டபத்திலேயே வையுங்கள், கேக் நான் செய்து தருகிறேன்.

ஈம் ஊருக்கு மறுபடி போகலாம், போக வேண்டும். பகலில், ஒரே சின்ன பஸ்ஸில், முழு நாளும். நாற்பது நிமிடம் ஊர், மூன்று மணி நேரம் ஷாப்பிங் என்ற போன வருடத்துக் கணக்கு வேண்டாம். மியூசியம் திறந்திருக்கும் நேரம் பார்த்து, எத்தனை பேர் வருகிறோம் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போவோம். பிளேக் ஞாயிறன்று போவதானால் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நிற்போம், மைக் கோச்சிலேயே இருக்கட்டும். எல்லைக்கல்லுக்கு நடப்போம். சேற்றுக்கு ரப்பர் பூட்ஸ் போட்டால் முடிந்தது. வீட்டு வாசல்களில் போட்டோ கூடாது, ரைலி கல்லறைகளில் யாரும் கல் மேல் ஏறக் கூடாது, இதைப் பெற்றோர்களிடம் முன்பே எழுதி வாங்குங்கள். போன வருடப் படங்களைச் சங்கத்தின் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள், குறிப்பாக அந்தக் கல்லில் படுத்திருக்கும் குழந்தையின் படத்தை.

பிரசுரத்தை நான் புதிதாக எழுதித் தருகிறேன். நான்கு பக்கம் வரும், பேய் வராது.

முன்பணம் திரும்பப் பெற இந்த மாதம் 20-ஆம் தேதிதான் கடைசி என்று உங்கள் அறிவிப்பிலேயே இருக்கிறது. அதற்கு முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, பதிலை இதே வாட்ஸப் குழுவில் எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
போன வருடம் இரண்டாவது கோச்சில் வந்தவள்